பீரில் விழும் "குண்டு"!

"தொப்!"

சின்னக் கோப்பை ஒன்று பெரிய கோப்பைக்குள் விழுகிறது. பீர் நுரைத்துப் பொங்குகிறது. மேஜையைச் சுற்றி இருக்கும் பத்துப் பேரும் கை தட்டுகிறார்கள். "ஒரே மூச்சு! ஒரே மூச்சு!" என்று கூவுகிறார்கள்.

கோப்பையைக் கையில் எடுத்தவர் கண்ணை மூடிக்கொள்கிறார். மடமடவென்று குடித்து முடிக்கிறார். காலிக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறார். உள்ளே சின்னக் கோப்பை "கிணிங், கிணிங்" என்று மணி அடிக்கிறது. அப்புறம் அந்தக் கோப்பை பக்கத்தில் இருப்பவரிடம் போகிறது.

தென் கொரியாவின் தலைநகரான சியோலில், ஆபீஸ் முடிந்த பிறகு பல ஆண்டுகளாக நடந்து வந்த காட்சி இது.

பார்ப்பதற்கு விளையாட்டுப் போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோப்பையினால் ஒரு மந்திரியின் பதவி போயிருக்கிறது. ஒரு பெண் வேலையை உதறிவிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அவர் வெற்றியும் பெற்றிருக்கிறார்.

அந்தக் கதையைக் கேளுங்கள்.

பெயரே "குண்டு"

இந்தப் பானத்துக்குக் கொரிய மொழியில் "போக்தான்ஜூ" என்று பெயர். "போக்தான்" என்றால் வெடிகுண்டு. "ஜூ" என்றால் மது. ஆக, இது "குண்டு மது".

பெரிய கோப்பையில் முக்கால் அளவு பீர். சின்னக் கோப்பையில் விஸ்கி, அல்லது "சோஜூ" என்னும் கொரியச் சாராயம். சின்னக் கோப்பையை அப்படியே பீருக்குள் போடுவார்கள். ஆகாய விமானத்தில் இருந்து குண்டு விழுவது போல அது விழும். அதனால்தான் இந்தப் பெயர்.

சோஜூவையும் பீரையும் சேர்த்தால் அதற்குச் செல்லப் பெயர் ஒன்று உண்டு. கொரிய மொழியில் பீருக்கு "மேக்ஜூ" என்று பெயர். சோஜூவில் பாதி, மேக்ஜூவில் பாதி சேர்த்து, "சோமேக்" என்று கூப்பிடுகிறார்கள்.

மற்ற நாடுகளிலும் இப்படிப்பட்ட பானங்கள் உண்டு. ஜெர்மனியில் இதற்கு "நீர்மூழ்கிக் கப்பல்" என்று பெயர். மெக்சிகோக்காரர்கள் தங்கள் ஊர் டெக்கீலாவை பீரில் இறக்கி, அதே பெயரைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில், நீர்மூழ்கிக் கப்பலைத் தகர்க்கக் கடலுக்குள் போடும் வெடியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்கள் வோட்காவையும் பீரையும் கலந்து "யோர்ஷ்" என்கிறார்கள். யோர்ஷ் என்பது முதுகில் முள் உள்ள ஒரு மீன்!

குண்டு, கப்பல், வெடி, முள். பெயர் வைத்தவர்களுக்கு இது என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விதவிதமான வேடிக்கை

கொரியாவில் இதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள்.

பீர்க் கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். இரண்டு கோப்பைகளுக்கு நடுவே, விளிம்பின் மேல் ஒரு சின்னக் கோப்பை நிற்கும். முதல் கோப்பையைத் தட்டினால் போதும். ஒன்று அடுத்ததைத் தட்டி, எல்லாம் வரிசையாக பீருக்குள் விழும். இது ஒரு வகை.

பீர்க் கோப்பையின் மேல் இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளை வைப்பார்கள். குச்சிகளின் மேல் சின்னக் கோப்பை. "விசுவாசம்!" என்று கத்திக்கொண்டு மேஜையில் ஓங்கி அடித்தால், குச்சிகள் விலகிக் கோப்பை உள்ளே விழும். இதற்கு "விசுவாச மது" என்று பெயர். யாருக்கு விசுவாசம்? எதிரே உட்கார்ந்திருக்கும் மேலதிகாரிக்குத்தான்!

இன்னொன்று "டைட்டானிக்". காலியான சின்னக் கோப்பையை பீரில் மிதக்க விடுவார்கள். ஒவ்வொருவராகக் கொஞ்சம் கொஞ்சம் சோஜூ ஊற்றுவார்கள். யார் ஊற்றும்போது கோப்பை மூழ்குகிறதோ, அவர் முழுவதையும் குடிக்க வேண்டும். 1912-ல் மூழ்கிய கப்பலின் பெயர் இப்படி பீரில் மிதக்கிறது!

சோஜூவின் கதை

சோஜூ பழைய சரக்கு. 13-ம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் கொரியாவுக்குப் படையெடுத்து வந்தார்கள். சாராயம் காய்ச்சும் வித்தையும் அவர்களோடு வந்தது. அரிசியில் வடித்த சோஜூ, பெரிய வீடுகளின் பானமாக இருந்தது.

1965-ல் நிலைமை மாறியது. அப்போது கொரியாவில் சாப்பாட்டுக்கே அரிசி போதவில்லை. "அரிசியில் சோஜூ காய்ச்சக் கூடாது" என்று அரசாங்கம் தடை போட்டது. தொழிற்சாலைக்காரர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு முதலியவற்றில் இருந்து சாராயம் எடுத்தார்கள். அதில் தண்ணீரும் இனிப்பும் சேர்த்து, புட்டியில் அடைத்தார்கள். விலை மலிவு. ஏழைத் தொழிலாளியும் வாங்கலாம்.

1970-களில் இந்தச் சோஜூவில் சாராயம் 25 சதவிகிதம் இருந்தது. படிப்படியாகக் குறைத்து, இன்று சுமார் 16 சதவிகிதத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். "காரம் குறைந்துவிட்டது, குற்றம் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காரம் குறைந்ததும், அதை பீரில் போட்டுக் குடிக்கும் பழக்கம் வளர்ந்துவிட்டது.

குண்டு மது எப்போது பிறந்தது? 1983-ல், கொரியாவின் காங்வான் மாகாணத்தில், ராணுவத் தளபதிகளும் அரசாங்க அதிகாரிகளும் கூடிய விருந்துகளில் பிறந்தது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது.

1986 மார்ச்சில் நடந்ததோ கதை அல்ல. சியோலில் ஒரு விருந்து. பாராளுமன்ற உறுப்பினர்களும் ராணுவத் தளபதிகளும் சேர்ந்து குடித்தார்கள். பேச்சு முற்றியது. கோப்பை பறந்தது. கைகலப்பில் முடிந்தது. நாட்டைக் காக்கும் தளபதிகளும் சட்டம் செய்யும் பிரதிநிதிகளும் அடித்துக்கொண்டதைக் கேட்டு, கொரியாவே திகைத்தது.

கூடிச் சாப்பிடும் கடமை

குடிப்பது அவரவர் விருப்பம்தானே, வேண்டாம் என்றால் விட்டுவிடலாமே என்று கேட்கலாம்.

அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

கொரியக் கம்பெனிகளில் "ஹ்வேசிக்" என்று ஒரு வழக்கம். "கூடிச் சாப்பிடுவது" என்று அர்த்தம். வேலை முடிந்ததும் மேலதிகாரி தம் கீழ் வேலை செய்கிறவர்களை அழைத்துப் போவார். முதல் கடையில் இறைச்சியும் சோஜூவும். இரண்டாவது கடையில் பீர். மூன்றாவது இடத்தில் பாட்டு. நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் காலையில் எல்லாரும் வழக்கம் போல ஆபீசில் இருக்க வேண்டும்.

இதற்கு மரியாதை முறைகளும் உண்டு. தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கோப்பையை ஏந்த வேண்டும். குடிக்கும்போது, பெரியவருக்கு எதிரே குடிக்காமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும்.

மரியாதை நல்லதுதான். ஆனால் பெரியவர் நீட்டிய கோப்பையை மறுப்பதே அவமரியாதை என்று ஆகிவிட்டது. சம்பள உயர்வும் பதவி உயர்வும் அவர் கையில் இருக்கின்றன. பிறகு எப்படி வேண்டாம் என்று சொல்வது?

மத்தியானச் சாப்பாடு: மந்திரி பதவி போயிற்று!

1999-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி. சியோலில் அரசாங்க வழக்குத் துறையின் உயர் அதிகாரி ஒருவர், மத்தியானச் சாப்பாட்டோடு குண்டு மது குடித்தார். ஆபீசுக்குத் திரும்பினார். நிருபர்கள் வந்தார்கள். நாக்கு கட்டவிழ்ந்துவிட்டது.

நாணயமும் நோட்டும் தயாரிக்கும் அரசாங்க நிறுவனத்தில், அதற்கு முந்தின ஆண்டு ஒரு வேலை நிறுத்தம் நடந்தது. "அந்த வேலை நிறுத்தத்தைத் தூண்டிவிட்டதே நாங்கள்தான்" என்ற கருத்தில் அவர் பேசிவிட்டார்!

நாடு கொந்தளித்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாளே நீதி மந்திரி பதவியில் இருந்து நீக்கப்பட்டார். உண்மையைக் கண்டுபிடிக்கத் தனி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். கொரியாவில் அப்படித் தனி வழக்கறிஞரை நியமித்தது அதுவே முதல் தடவை.

எல்லாம் ஒரு மத்தியானக் கோப்பையில் ஆரம்பித்தது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

சின்னக் கோப்பையில் 50 மில்லி லிட்டர் சோஜூ. பெரிய கோப்பையில் 150 மில்லி லிட்டர் பீர். இரண்டும் சேர்ந்தால், அதில் சுத்தச் சாராயம் சுமார் 12 கிராம். சோஜூவுக்குப் பதில் 30 மில்லி லிட்டர் விஸ்கி போட்டால் சுமார் 15 கிராம்.

நம் வயிற்றில் உள்ள கல்லீரல், மணிக்கு 7 முதல் 10 கிராம் சாராயத்தைத்தான் எரித்துத் தீர்க்கும். அதற்கு மேல் அதை விரட்ட முடியாது. அப்படியானால், ஒரு நிமிஷத்தில் குடித்த ஒரு கோப்பையைத் தீர்க்க, கல்லீரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஐந்து கோப்பை குடித்தால்? 60 கிராம். இரவு 11 மணிக்குக் குடித்தவரின் ரத்தத்தில், விடியும் வரை சாராயம் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் குளித்து, தலை வாரி, வண்டியை எடுப்பார். "நேற்றுக் குடித்ததுதானே" என்பார். ரத்தத்துக்கு நேற்று, இன்று என்ற கணக்குத் தெரியாது.

இந்தக் கலப்பில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. வெறும் விஸ்கி தொண்டையைச் சுடும். அந்தச் சூடுதான் "போதும்" என்று எச்சரிக்கும் காவல்காரன். குளிர்ந்த பீரில் விஸ்கி கலந்ததும், சூடு தெரிவதில்லை. காவல்காரன் தூங்கிவிடுகிறான். திருடன் உள்ளே போய்விடுகிறான்!

ஒரே மூச்சில் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. போதை மூளைக்கு ஏறச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் இன்னும் மூன்று கோப்பை உள்ளே போயிருக்கும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னவர், எழுந்து நிற்கும்போது விழுவது இதனால்தான்.

முகம் சிவந்தால் எச்சரிக்கை!

கொரியா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளில் சிலர் ஒரு வாய் குடித்தாலும் முகம் தக்காளி போலச் சிவந்துவிடும். நெஞ்சு படபடக்கும்.

காரணம் இதுதான். உடம்பு சாராயத்தை முதலில் "அசெட்டால்டிஹைடு" என்னும் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. பிறகு வேறொரு நொதி, அந்த நச்சைத் தீங்கற்ற பொருளாக மாற்றுகிறது. கிழக்காசிய மக்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. நச்சு உடம்பிலேயே தேங்குகிறது.

"குடிக்கக் குடிக்கப் பழகிவிடும்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் தைரியம் சொல்வார்கள். அது பெரிய தவறு. இப்படிப்பட்டவர்கள் தொடர்ந்து குடித்தால், உணவுக் குழாயில் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

முகம் சிவக்காதவர்களும் தப்பிவிடவில்லை. "உடம்புக்குத் தீங்கு இல்லாத அளவு என்று மதுவில் எந்த அளவும் இல்லை" என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

"முடியாது" என்ற பெண்

இனி அந்தப் பெண்ணின் கதை.

2004-ம் ஆண்டு. சியோலில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி. அங்கே பெண் ஒருவர், படம் வரையும் வேலையில் இருந்தார். அவருக்கு ஒரு மானேஜர். அவருக்குக் கீழே பத்துப் பேர். வாரத்தில் இரண்டு நாள் எல்லாரையும் குடிக்க அழைத்துப் போவார். வீடு திரும்ப விடியற்காலை ஆகும்.

"எனக்கு இரண்டு கோப்பை பீருக்கு மேல் தாங்காது" என்று அந்தப் பெண் சொன்னார். மானேஜர் கேட்கவில்லை. "குடிக்காவிட்டால் நாளைக்குத் தெரியும்" என்ற பாணியில் மிரட்டினார்.

கொரியாவில் ஒரு வழக்கம் உண்டு. குடிக்க முடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் குடிக்கலாம். அதற்கும் மானேஜர் நிபந்தனை போட்டார். உனக்காக ஓர் ஆண் குடித்தால், நீ அவனுக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் என்ன செய்வார்? கோப்பையை எடுத்து, தாமே குடித்தார்.

எத்தனை நாள் இப்படி? கடைசியில் வேலையை விட்டு விலகினார். பலரும் அத்தோடு விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்.

2007 மே மாதம், சியோல் ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கீழே வேலை செய்கிறவரைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பது சட்ட விரோதம். அது மனித கௌரவத்தைக் கெடுப்பது என்று கோர்ட்டு சொன்னது. அந்தப் பெண்ணுக்கு 3 கோடி வோன் நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. (வோன் என்பது கொரிய நாணயம்.)

கொரியாவில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் தடவை. அன்று முதல், கோப்பையை நீட்டும் மேலதிகாரிகளின் கை கொஞ்சம் தயங்க ஆரம்பித்தது.

நண்பனுக்காக ஒரு சட்டம்

2018 செப்டம்பர் மாதம். பூசான் நகரம். யூன் சாங்-ஹோ என்ற 22 வயது வாலிபர், ராணுவத்தில் இருந்து விடுமுறையில் வந்திருந்தார். பண்டிகைக் காலம். சாலையைக் கடக்கும் இடத்தில் நண்பரோடு நின்றார். குடித்துவிட்டு ஒருவன் ஓட்டி வந்த கார் அவர்கள் மேல் பாய்ந்தது. யூன் நினைவு திரும்பாமலே நவம்பரில் இறந்தார்.

நண்பர்கள் அழுதுகொண்டு சும்மா இருக்கவில்லை. "குடித்து ஓட்டிக் கொல்பவனுக்குத் தண்டனை போதாது" என்று அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். லட்சக்கணக்கானவர்கள் அதை ஆதரித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பாராளுமன்றம் சட்டத்தை மாற்றியது. குடித்து வண்டி ஓட்டி உயிர் போக்கினால், குறைந்தது 3 ஆண்டு ஜெயில். ஆயுள் தண்டனையும் கொடுக்கலாம். மக்கள் அதை "யூன் சாங்-ஹோ சட்டம்" என்றே அழைக்கிறார்கள்.

2019 ஜூன் முதல் இன்னொரு மாறுதல். ரத்தத்தில் 0.05 சதவிகிதம் சாராயம் இருந்தால் குற்றம் என்பதை, 0.03 சதவிகிதம் என்று குறைத்தார்கள். இந்தியாவிலும் எல்லை இதுவே. ஒரே ஒரு குண்டு மது பலரை இந்த எல்லைக்குக் கொண்டு போய்விடும்.

குடித்தவர் வண்டி ஓட்டாமல் இருக்க, கொரியாவில் ஒரு வசதி உண்டு. டெலிபோன் செய்தால் ஒரு டிரைவர் வருவார். குடித்தவரின் காரை அவரே ஓட்டி, வீட்டில் கொண்டு போய் விடுவார். கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

"1-1-9"

கொரியாவில் தீ விபத்துக்கும் ஆம்புலன்சுக்கும் அழைக்கும் எண் 119. சில பெரிய கம்பெனிகள் அந்த எண்ணையே குடிக்குக் கடிவாளமாக்கின. ஒரே வகை மது, ஒரே கடை, இரவு 9 மணிக்கு முடிவு. இதுதான் "1-1-9". ஒரே வகை மது என்றால் குண்டு மதுவுக்கு இடம் இல்லை!

2018-ல், வாரத்துக்கு 52 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் அமலுக்கு வரத் தொடங்கியது. 2019 ஜூலையில், வேலை செய்யும் இடத்தில் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிறகு கொரோனா வந்து, கூடிச் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. இப்போது இளைஞர்கள் பலர் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவே விரும்புகிறார்கள். விருந்து வேண்டுமா, மத்தியானச் சாப்பாடாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

குடித்து மயங்கினால் என்ன செய்வது?

எந்த ஊரானாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

குடித்தவர் எழுப்பினாலும் எழவில்லையா? மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறதா? உடம்பு சில்லிட்டு, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா? "தூங்கட்டும், சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-க்கு டெலிபோன் செய்யுங்கள்.

அவரை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. வாந்தி மூச்சுக் குழாயில் போய் உயிருக்கு ஆபத்தாகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விடாதீர்கள். காப்பி கொடுப்பதாலோ, தலையில் தண்ணீர் ஊற்றுவதாலோ போதை இறங்காது. வாந்தி எடுக்க வைக்கவும் முயல வேண்டாம்.

கோப்பைக்கு மேல் ஒரு கை

இன்றும் சியோலில் விளக்குகள் எரிகின்றன. கோப்பைகள் மோதுகின்றன. குண்டு மது அடியோடு ஒழிந்துவிடவில்லை.

ஆனால் மேஜையில் ஒருவர் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு, "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், இப்போது பக்கத்தில் இருப்பவர் அதில் சோடாவை ஊற்றுகிறார். அதையும் தூக்கி எல்லாரோடும் சேர்ந்து மோதலாம். மரியாதை குறைவதில்லை. நட்பும் முறிவதில்லை.

"வேண்டாம்" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு, 2004-ல் ஒரு பெண் தம் வேலையையே விலையாகக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதை விலை இல்லாமல் சொல்கிறார்கள்.